எழுவான்கரை, படுவான்கரை பார்த்துக் கோயில் உலாவுக்குப் புறப்படுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில் மட்டக்களப்பு, அம்பாறைக் கோயில்களுக்கு ஒருநாள் பயணத்திட்டம் ஒன்று வந்திருந்தது. மாமாங்கம், கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில், உகந்தை என ஐந்து கோயில்கள். மாலையில் பாசிக்குடாவில் கடற்குளிப்பு. எங்கள் பக்கத்துக் கோயில்களைப் பற்றி இத்தனை விருப்பத்தோடு எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்தத் திட்டத்தை நம்பி ஒரு குடும்பம் வான் பிடித்துப் புறப்பட்டால், இரண்டு கோயில்களிலாவது பூட்டிய கதவைத்தான் கும்பிட்டுத் திரும்பும். உகந்தை தெற்கு அந்தலையில் இருக்கிறது. பாசிக்குடா மட்டக்களப்பு நகருக்கும் வடக்கே. இரண்டுக்கும் நடுவே 150 கிலோமீற்றருக்கும் மேல் ஓட்டம். வெளியூர்களில் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் உறவுகள் வந்திறங்கும் காலம் நெருங்குவதால் இதைத் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மட்டக்களப்பு வாவியில் இருந்து தொடங்க வேண்டும். ஊரில் அதை ஆறு என்றே சொல்வோம். வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்த நீருக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக விரிவது படுவான்கரை. கல்முனைக்குப் போகும் பெரிய வீதி எழுவான்கரையில் ஓடுகிறது. கொக்கட்டிச்சோலையும் மண்டூரும் படுவான்கரையில் இருக்கின்றன. கட்டுரையோடு வந்த வரைபடத்தில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே விரலகலம்தான் தெரிகிறது. தூரம் குறைவுதான், ஆனால் அந்த விரலகலம் முழுவதும் தண்ணீர். அதைக் கடக்கப் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் இயந்திரப் படகு ஓடுகிறது. கால்நடையாக வருபவர்களுக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் அது அருமையான வழி. காலை வெயிலில் நீரைத் தொட்டுக்கொண்டு போய் மண்டூர்த் துறையில் இறங்குவது போன்ற கோயில் வருகை வேறெங்கும் கிடைக்காது. ஆனால் காற்றுப் பலத்தால் பாதை நிற்கும். ஆற்றுவாழை என்னும் மிதக்கும் களை வந்து துறையை அடைத்தாலும் நிற்கும். பொழுதுபட்ட பிறகு அதை நம்பி இருக்கக்கூடாது. வானிலோ பஸ்ஸிலோ வருகிறவர்கள் களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் பட்டிருப்புப் பாலத்தால் திரும்பி, போரதீவு, வெல்லாவெளி வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும். கார்த்திகை, மார்கழி மாரியில் வெல்லாவெளி மண்டூர் வீதியின் மேலால் வெள்ளம் பாயும். அந்த நாட்களில் களுவாஞ்சிகுடியிலேயே விசாரித்துவிட்டுத் திரும்புங்கள்.

கொக்கட்டிச்சோலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. மண்முனைத் துறையிலும் முன்பு பாதைதான் ஓடியது. 2014இல் பாலம் திறந்ததில் இருந்து எந்த நேரமும் போய்வரலாம். இதனால்தான் கட்டுரை சொன்ன வரிசையை மாற்ற வேண்டும் என்கிறேன். காலையில் மண்டூர், மாலையில் கொக்கட்டிச்சோலை. வெல்லாவெளிப் பக்கம் பின்னேரத்தில் யானை வீதிக்கு இறங்கும். மண்டூரில் மாலைப் பூசை பார்த்துவிட்டு இருட்டில் அந்த வழியால் பிள்ளைகளோடு திரும்புவது கூடாது. கொக்கட்டிச்சோலையில் மாலைப் பூசை முடித்தால் மண்முனைப் பாலத்தைத் தாண்டி ஆரையம்பதிக்கு வந்துவிடலாம். இடைப்பட்ட நேரத்தைக் களுவாஞ்சிகுடியில் சாப்பாட்டோடு கழிக்கலாம். பகற்பூசை முடிந்து கோயில் பூட்டினால் பின்னேரம்தான் திறப்பார்கள். பன்னிரண்டரைக்கு வந்து நின்று கதவைத் தட்டுவதில் பலனில்லை. அந்த நேரம் வீதி மணலில் வெறுங்காலை வைக்கவும் முடியாது.

மண்டூரைக் கட்டுரை ஒரே வரியில் ‘பழைமையான முருகன் ஆலயம்’ என்று முடித்துவிட்டது. சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற கோயில் அது. கதிர்காமத்தைப் போலவே கருவறை திரையால் மூடியிருக்கும்; திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பூசை செய்யும் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார். மந்திர ஒலி எழாது. மணியோசையும் சனத்தின் ‘அரோகரா’வும் மட்டும் கேட்கும். சிவாச்சாரியார் பெயர், நட்சத்திரம் கேட்டு அர்ச்சனை சொல்லும் கோயில்களுக்குப் பழகியவர்கள் இங்கே திகைத்து நிற்பதையும், திரையை விலக்கச் சொல்லிக் கேட்பதையும் காண்கிறோம். கும்பிட வருகிறவர் இந்த முறையை முன்கூட்டியே அறிந்திருந்தால் அந்த மௌனத்தின் முன்னால் உடம்பு சிலிர்க்கும். ஆவணிப் பௌர்ணமியில் தீர்த்தம். திருவிழா நாட்களில் பாதையில் சனம் நிறைந்துவிடும்; வயதானவர்களைப் பாலத்தால் கூட்டிவருவது நல்லது.

அடுத்த பிழை இதைவிடப் பெரிது. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் கண்ணகை அம்மன் கோயில்களின் படங்களைப் போட்டு, ‘போகும் வழியில் தரிசிக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறப்பது பெரும்பாலும் வைகாசிச் சடங்குக்கு. பூரணையை அண்டி நாள் குறித்து, கதவு திறந்து, கல்யாணக்கால் நாட்டி, கண்ணகியின் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை படித்து, கடைசி இரவில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிரச் செய்வார்கள். சடங்கு முடிந்தால் கதவு அடைபடும். வைகாசியில் வருகிறவர் ஓர் இரவு தங்கிக் குளிர்த்தியைக் கேட்டுவிட்டுப் போகட்டும். அதற்கு ஒருநாள் பயணம் போதாது. மற்றக் காலத்தில் வருபவர்களை அங்கே இறக்கிவிட வேண்டாம்.

திருக்கோவிலும் உகந்தையும் தனி நாளுக்கு உரியவை. மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் மட்டுமே 100 கிலோமீற்றருக்கும் மேல்; அறுகம்பை, பாணமை தாண்டி உகந்தைக்கு மேலும் 30 கிலோமீற்றர் அளவில் வரும். விடியப்புறம் நான்கு மணிக்குப் புறப்பட்டால்தான் சரி. தண்ணீர், பெற்றோல், சாப்பாடு எல்லாவற்றையும் பொத்துவிலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்; பாணமைக்கு அப்பால் காடு. உகந்தையில் முருகன் கோயில் மலையடியில், வள்ளியம்மன் கோயில் பாறை உச்சியில். பாறையில் உள்ள சுனைகளைக் காலையில் பார்க்கவேண்டும், ஒன்பது மணிக்கு மேல் கல் சுடும். மழை பெய்த நாளில் பாசி வழுக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறக்கூடாது. முருகனும் வள்ளியும் கற்தோணியில் வந்து இறங்கியதாகச் சொல்லும் கரை பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கடல் பார்ப்பதற்கு மட்டும். அலை காலை வாரி இழுக்கும். அர்ச்சனைத் தட்டைக் குரங்கின் கண்ணில் படாமல் துணியால் மூடிக் கொண்டுபோங்கள். பின்னேரம் மூன்று மணிக்கு முன்னர் திரும்பினால் பாணமை வழியில் யானைப் பயம் குறைவு. வரும் வழியில் மாலைப் பூசைக்குத் திருக்கோவில் சித்திரவேலாயுதரைக் கும்பிடலாம்.

ஆடி அமாவாசையன்று மட்டும் வேறு கணக்கு. அமிர்தகழியில் மாமாங்கக் குளத்திலும் திருக்கோவில் கடலிலும் அன்றே தீர்த்தம். தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து பிதிர்க்கடன் செய்யக் கூடும் நாள் அது. இரண்டு தீர்த்தமும் ஆடலாம் என்று கட்டுரை ஆசை காட்டுகிறது. ஏதாவது ஒன்றைத் தெரிந்தெடுங்கள். மாமாங்கத்துக்குப் போவதாக இருந்தால் வாகனத்தை நகரிலேயே விட்டுவிட்டு நடப்பது சுகம்.

இன்னொன்றையும் அச்சிட்டால் பெரிய உதவி. ஹயர் வானில் வருபவர்கள் மீன், கோழி வைத்த சோற்றுப் பார்சலைக் காலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். மச்சம் சாப்பிட்ட வாயோடும் கடலில் நனைந்த உடுப்போடும் கோயிலுக்குள் நுழைவது எங்கள் சனத்துக்கு மனநோவு. கோயிலை முதலில் முடியுங்கள், கடலும் கோழியும் அதற்குப் பிறகு. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். தோளில் போட ஒரு சால்வையும், கால்சட்டைக்குப் பதில் ஒரு வேட்டியும் பையில் இருக்கட்டும். துடக்கு, அதாவது தீட்டு, உள்ள வீட்டார் வெளிவீதியில் நின்று கும்பிடலாம்.

பாசிக்குடாவுக்கு வேறொரு நாள், சித்தாண்டி முருகனோடு சேர்த்துப் போகலாம். இரண்டும் வடக்கு வீதியில். கரையில் இருந்து நெடுந்தூரம் ஆழமில்லாத கடல், பிள்ளைகள் நின்று குளிக்கலாம். படுவான்கரை நாளின் முடிவில் பொழுது மீந்தால், 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் நில்லுங்கள். பூரணை இரவென்றால் தோணி ஒன்று பிடித்து, பாலத்துக்குக் கீழே துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி அதன் மறுமுனையில் காதை வையுங்கள். காற்று ஓய்ந்து, மேலே வாகன இரைச்சல் அடங்கியிருந்தால் வாவிக்குள் இருந்து எழும், பாடுமீன் என்று நாங்கள் சொல்லும் ஒலி கேட்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
களுவாஞ்சிகுடி.