கூண்டுக்குக் கால்தான் முக்கியம்

காட்பாடி

அன்புள்ள சேகர்,

கடிதமும் பென்சில் படமும் கிடைத்தன. ஜீப்பின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் பாடி ஏறிவிட்டது என்பதில் சந்தோஷம். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் பைப் கூண்டான வெளி ரோல் கேஜுக்கு நீ போட்ட வளைவுகள் சரி. அது ஊன்றும் கால்கள்தான் தப்பு. நான்கு கால் சேசிஸில், பின்னால் இரண்டு பாடித் தகட்டில். பாடி ரப்பர் புஷ் என்ற மெத்தைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் ஒரு பக்கம் முறுக்கும், பாடி வேறு மாதிரி அசையும். இரண்டையும் கேஜ் கட்டிப்போட்டால் கண்ணாடி ஃபிரேம் மூலைதான் முதலில் விரிசல் விடும். ஆறு காலும் சேசிஸுக்கே போகட்டும். பாடிக்கும் பைப்புக்கும் நடுவே 25 மி.மீ. விடு.

உன் சேசிஸ் பெட்டி வடிவம், உள்ளே காலி. சும்மா போல்ட் போட்டு இறுக்கினால் தகடு நசுங்கும், நாலு நாளில் போல்ட் லூசாகும். ஓட்டைக்குள் ஸ்லீவ் பைப் நுழைத்து, இரு பக்கமும் வெல்டு வைத்து, அதன் வழியே போல்ட் விடு. எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் விதி கேட்பது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகடு, காலுக்கு 8.8 வலிமை கிரேடு எம்8 (8 மி.மீ.) போல்ட் மூன்று. நானாக இருந்தால் எம்10 போடுவேன்.

கடையில் 'ஒன்றரை இஞ்ச் பைப்' என்று கேட்காதே, தண்ணீர்க் குழாய் தருவார்கள். அதன் வெளி விட்டம் 48.3 மி.மீ. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. என்றால் துத்தநாகப் புகை வேறு, வெல்டில் பொத்தல் விழும். வெளி விட்டம் 45, கனம் 2.5 மி.மீ., கோல்டு டிரான் சீம்லெஸ் (சூடாக்காமல் இழுத்த, இணைப்புக் கோடில்லாத பைப்) என்று எழுதிக் கொடு. பாஹா போட்டிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் 25 மி.மீ. பைப்பில் கட்டுவதைப் பார்த்து மயங்காதே. அது ஒற்றை ஆள் குட்டி வண்டி. வளைவின் ஆரம் பைப் நடுக்கோட்டில் 135 மி.மீ.க்குக் குறையக் கூடாது. உள்வளைவில் சுருக்கம் விழுந்த பைப்பைத் தூக்கிப் போடு.

முழுக் கூண்டையும் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகே முழு வெல்டு. இடம் வலம் மாற்றி மாற்றி, இல்லையென்றால் கூண்டு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிடு, பேட்டரி நெகட்டிவையும். வெல்டிங் மிஷினின் எர்த் கிளாம்பு வெல்டு பக்கத்திலேயே இருக்கட்டும். தள்ளி வைத்தால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைத் தின்றுவிடும். ராணிப்பேட்டை பக்கம் பாய்லர் வேலை பார்த்த வெல்டர் கிடைத்தால் கூலி பேசாதே.

பைப் மீட்டருக்கு 2.6 கிலோ, 22 மீட்டர் என்றால் 57 கிலோ, அதில் பெரும்பங்கு தலைக்கு மேல். கூரையில் லக்கேஜ் கேரியர் ஆசை வேண்டாம், வண்டி சாய அதுவே வழி செய்யும். வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவும் இருக்கிறது. ரோட்டில் ஓட்டாதே, நிலத்துக்கு லாரியில் கொண்டு போ.

சேசிஸ் உயரம், அகலம், தகட்டுக் கனம் மூன்றையும் அளந்து எழுது. கால் தகட்டை வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மணி