கேசட்டில் கோடு விழுந்த இடம்

அன்புள்ள கயல்,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடி ஏறும்போது மட்டும் முனகுகிறாள். நீ சொன்ன படத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிட்டோம். போனில் பேசினால் நீ பாத்திரம் கழுவிக்கொண்டே 'ம்', 'ம்' என்பாய். அதனால் எழுதுகிறேன்.

'நிஞ்சா: ஷேடோ ஆஃப் எ டியர்.' 2009-இல் வந்த 'நிஞ்சா' என்ற சண்டைப் படத்துக்கு 2013-இல் வந்த இரண்டாம் பாகம். நீ ஒருத்திதான் ரசித்தாய் என்றும், கூட இருக்கும் இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றும் சொன்னாய். "இதில் கதை எங்கே இருக்கிறது, அந்த ஆளுக்கு அழக்கூடத் தெரியவில்லையே" என்றார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், ஆனால் சுருக்கென்று தைத்திருப்பது தெரிந்தது.

நான் 13 வருஷம் வீடியோ கடை கல்லாவில் உட்கார்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். நீ பிறந்த வருஷம் கடையை மூடினேன். அதனால் ஜனங்கள் படத்தைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதை நீ பார்த்ததில்லை. கேசட்டைத் திருப்பித் தர வருகிறவர்கள் யாரும் சும்மா வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். மேஜையில் வைக்கும்போதே ஒரு தீர்ப்பு. "கதை ஒண்ணுமில்லண்ணே." "சண்டை பரவாயில்ல, மத்ததெல்லாம் ரீல்." நான் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கி வைப்பேன். ஒரு வார்த்தை நம்பமாட்டேன்.

ஏனென்றால் டேப் வேறு கதை சொல்லும். ஒரே இடத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் டேப் தேயும். படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழும், ஓரத்தில் புள்ளி புள்ளியாக மின்னும். புதுக் கேசட் வந்து இரண்டு மாசத்தில், எந்த இடத்தை ஊர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது என்பதை அந்தக் கோட்டை வைத்தே சொல்லிவிடலாம். இன்னொன்று, ரீவைண்ட் செய்யாமல் தருகிற கேசட். எங்கே நிறுத்தினார்களோ அங்கேயே நிற்கும். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் ஒவ்வொரு வாரமும் ஒரு குங்ஃபூ படம் எடுத்துப் போய், "பையன் கேட்டான்" என்பார், "சுத்தக் குப்பை" என்று திட்டிக்கொண்டே திருப்பித் தருவார். டெக்கில் போட்டுப் பார்த்தால் கடைசிச் சண்டையின் நடுவில் நிற்கும். பையன் வெளியூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்படிக் கோடு விழுந்து விழுந்தே செத்துப்போன ஒரு கேசட், 'ரிவெஞ்ச் ஆஃப் தி நிஞ்சா'. 1983 படம். அதுவும் ஒரு இரண்டாம் பாகம்தான், 'என்டர் தி நிஞ்சா' ஓடின தைரியத்தில் எடுத்தது. முதல் படத்தில் வில்லனாக வந்த ஷோ கொசுகியை இதில் ஹீரோவாக்கிவிட்டார்கள். கதை என்ன? ஆரம்பத்திலேயே ஜப்பானில் அவன் மனைவியையும் குடும்பத்தையும் கொன்றுவிடுகிறார்கள். கைக்குழந்தையோடும் வயதான அம்மாவோடும் அமெரிக்கா போகிறான், நண்பன் பேச்சைக் கேட்டு பொம்மைக் கடை வைக்கிறான். அந்த நண்பன்தான் பொம்மைக்குள் ஹெராயின் வைத்துக் கடத்துகிறவன், வெள்ளி முகமூடி போட்ட நிஞ்சாவும் அவனே.

இப்போது நீ பார்த்த படத்தை நினைத்துப் பார். ஆரம்பத்திலேயே, கர்ப்பமாக இருக்கும் மனைவியைக் கொன்றுவிடுகிறார்கள். ஹீரோ பாங்காக்கில் நண்பன் நடத்தும் டோஜோவுக்கு, அதாவது சண்டைப் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான். போதைப் பொருள் கும்பல் தலைவன் ஒருவனைக் கைகாட்டிவிடுகிறான் நண்பன். கடைசியில் பார்த்தால் கொன்றது நண்பனே. உன் தோழிகள் "திருப்பம் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு" என்றார்களாமே, எனக்கு அதற்கும் முன்னாடி தெரிந்துவிட்டது. இந்தக் கதையை நான் ராத்திரிக்குப் பத்து ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

நண்பனாக வருகிறவன் திரையில் வந்து நின்றதும் அம்மாவிடம், "இவனை எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்றேன். பெயர் போட்டபோது புரிந்தது. கேன் கொசுகி. அந்த 1983 படத்தில் ஷோ கொசுகியின் பையனாக, தன்னை வம்புக்கு இழுக்கும் பெரிய பையன்களைப் பந்தாடும் பொடியன் ஒருவன் வருவான். நிஜத்திலும் அவர் மகன். அந்த இடத்தில்தான் கேசட்டில் முதல் கோடு விழுந்தது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டு அவரவர் அம்மாவின் கறுப்புப் பாவாடையை முகத்தில் கட்டிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தார்கள். அந்தப் பொடியன் 30 வருஷம் கழித்து, அதே கதையில், துரோகி நண்பனாக வந்து நிற்கிறான். நடுவில் ஜப்பானில் 'கக்குரேஞ்சர்' என்ற டிவி தொடரில் 'நிஞ்சா பிளாக்' என்ற ஹீரோவாக நடித்திருக்கிறான். இந்தப் படத்தின் டைரக்டர் ஐசக் ஃப்ளோரன்டைனும், நீ ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் பார்ப்பாயே பவர் ரேஞ்சர்ஸ், அதில் பல வருஷம் வேலை பார்த்தவர்தான். கராத்தே கற்றவர், இஸ்ரேல்காரர். அந்த 1983 படத்தை எடுத்தவர்களும் இஸ்ரேல்காரர்கள். நிஞ்சாவுக்கும் அந்த ஊருக்கும் என்ன ராசியோ!

சரி, உன் தோழிகள் சொன்னதற்கு வருகிறேன். கதை பழசு, ஒப்புக்கொள்கிறேன். ஹீரோ ஸ்காட் அட்கின்ஸ் துக்கப்படும்போது பல்வலிக்காரன் மாதிரிதான் இருக்கிறார். (அவர் உன் பர்மிங்ஹாம் பக்கம்தான் தெரியுமா? சட்டன் கோல்ட்ஃபீல்ட். கசாப்புக் கடைக் குடும்பம், பத்து வயதில் ஜூடோ கற்க ஆரம்பித்தவர்.) ஆனால் உன்னிடம் கேட்காமலே முதல் பாகத்தையும் தேடிப் பார்த்தேன், மாம்பழ ஜூஸ் மூன்று டம்ளர் குடித்துக்கொண்டு. அதைப் பார்த்த பிறகுதான் இரண்டாவதன் அருமை தெரிந்தது.

முதல் பாகத்தில் அதே அட்கின்ஸ், அதே டைரக்டர். ஆனால் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். ரத்தம் கம்ப்யூட்டரில் தெளித்தது, காற்றிலேயே கரைந்துபோகிறது. வில்லனுக்கு விண்வெளி வீரன் மாதிரி ஒரு கவசம். இதெல்லாம் காசு இருக்கிறவன் செய்கிற வேலை. அரைக்காசு வைத்துக்கொண்டு செய்தால் ஜரிகை வேட்டிக்கு ரப்பர் செருப்புதான். இரண்டாவது படத்தில் அதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டார்கள். கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்து, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை தெரிகிற மாதிரி ஆளை நிறுத்திவிட்டார்கள். சண்டை அமைத்த டிம் மேன் என்பவர் தானும் ஒரு ஆளாக இறங்கி அடி வாங்குகிறார். கால் எங்கே புறப்பட்டது, எங்கே இறங்கியது, இரண்டும் ஒரே ஷாட்டில் தெரிகிறது. பெரிய படங்களில் ஒரு உதையை நாலு ஷாட்டாக வெட்டி ஒட்டுவார்கள், ஹீரோவுக்கு உதைக்கத் தெரியாததை மறைக்க. இங்கே மறைக்க ஒன்றுமில்லை, மறைக்கக் காசுமில்லை.

உனக்குப் பிடித்ததும், அவர்களுக்குச் சிரிப்பு வந்ததும் இங்கேதான் என்று நினைக்கிறேன். நீ ஆறாம் வகுப்பில் சேர்ந்து பச்சை பெல்ட் வரைக்கும் போனவள். மவாஷி கேரி, அந்தச் சுற்று உதை, போடும்போது இடுப்பு முதலில் திரும்ப வேண்டும் என்று மாஸ்டர் உன்னை மொட்டை மாடியில் நூறு தடவை சுற்றவிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ அந்த ஆளின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். முகத்தை மட்டும் பார்த்தால் எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

அம்மாவின் கட்சி வேறு. ஹீரோவின் மனைவி நமிகோ செத்ததும் எழுந்து போய் வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பொண்ணு ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள கொன்னுட்டானுங்க. இவன் உதைக்கணும்னா அவ சாகணுமா? வேற காரணமே கெடைக்கலையா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1983-இலும் அப்படித்தான் கொன்றார்கள், அப்போது யாரும் கல்லாவில் வந்து இதைச் சொல்லவில்லை. கேசட் எடுக்க வந்தவர்கள் எல்லாம் ஆம்பிளைகள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனக்கும் ஒரு குறை உண்டு. கதை மியான்மருக்குப் போனதும் அந்த நாடே ஒரு காடு, காட்டுக்குள் ஒரு போதைக் கும்பல், துப்பாக்கியோடு ஓடிவந்து விழுந்து சாவதற்கென்றே ஆட்கள். எனக்கு அந்தக் காலத்தில் இந்த கேசட்டுகளை எல்லாம் கொடுத்தவர் சென்னை பர்மா பஜாரில் கடை வைத்திருந்தவர். (ஒரிஜினலா என்று கேட்காதே.) 1960-களில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள். சரக்கு எடுக்கப் போனால் முதலில் ஒரு தட்டு அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், வாங்கிக் கொடுப்பார், அப்புறம்தான் கணக்கு. அவர் வாயிலிருந்து வந்த பர்மாவில் பள்ளிக்கூடமும் டிராமும் ஏரிக்கரையும் இருந்தன. படத்தில் அந்தக் காட்டைப் பார்த்தபோது அவர் ஞாபகம் வந்து பத்து நிமிஷம் படத்தில் மனசு ஒட்டவில்லை. தாய்லாந்தில் போய் எடுத்துவிட்டு மியான்மர் என்று எழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

கறுப்பு உடை பாதிப் படம் தாண்டித்தான் வருகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். என் கடை வாடிக்கையாளர்கள் நிச்சயம் சண்டைக்கே வந்திருப்பார்கள், அட்டையில் நிஞ்சாவைப் போட்டுவிட்டுச் சட்டை பேன்ட்டில் ஒருவன் சுற்றினால் பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்பார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. துக்கம் தாங்காமல் அவன் டோஜோவில் பயிற்சிக்கு நிற்கும் பையன்களைப் போட்டு வெளுக்கிறானே, அந்த இடத்தில் முகமூடி இருந்திருந்தால் பாழாகியிருக்கும். அட்கின்ஸ் அழுது காட்டமுடியாத துக்கம் அங்கே காலில் வந்துவிட்டது. உன் தோழிகளிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டு. அப்போதும் சிரித்தால் விட்டுவிடு, தோசை சுட்டுக் கொடு.

பரணில் அந்த 1983 கேசட் இன்னும் இருக்கிறது. நேற்று இறக்கித் துடைத்தேன். உள்ளே லேசாகப் பூஞ்சை. போட்டுப் பார்க்க டெக் இல்லை. உன் அம்மா, "தூக்கிப் போடாம வெச்சிருக்கீங்களே" என்றாள், ஆனால் துடைக்கிற துணியை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் டேப் தேயாது, கோடு விழாது, யார் எங்கே பின்னால் இழுத்துப் பார்த்தார்கள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது. நான் இந்தப் படத்தில் ஒரு இடத்தை மூன்று தடவை பின்னால் இழுத்துப் பார்த்தேன். மேலே சொன்ன டோஜோ சண்டை இல்லை, வேறு இடம். அம்மா மூன்றாவது தடவை ரிமோட்டைப் பிடுங்கிவிட்டாள். அது எந்த இடம் என்று இப்போது சொல்லமாட்டேன். நீ எந்த இடத்தை இழுத்துப் பார்த்தாய் என்று முதலில் எழுது.

அன்புடன்,
அப்பா