பட்டிக்குள் வந்து குட்டியைப் பிழைக்க வைத்த அண்ணனுக்கு

மூன்றாவதாகப் பிறந்த ஆட்டுக்குட்டி ஈரம் காயாமல், வாய் சில்லிட்டு, உறிஞ்சவும் தெம்பில்லாமல் கிடந்தது. வழியில் போன நீங்கள் கூப்பிடாமலே உள்ளே வந்தீர்கள், அண்ணா. பால் புகட்டப் போன கையை முதலில் தடுத்தீர்கள். சூடேறாத குட்டிக்கு விழுங்க வராது, பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எங்களுக்கு அது தெரியாது. சாக்கால் அழுத்தித் துடைத்தீர்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தீர்கள். வாய்க்குள் விரல் விட்டு, கதகதப்பு வந்து விரலைச் சப்பிய பிறகே தாயின் காம்பை அடைத்திருந்ததைப் பீய்ச்சி நீக்கிச் சீம்பால் கறந்தீர்கள். 2 கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 100 மில்லி. பிறந்த முதல் 6 மணி நேரத்துக்குள் கட்டாயம். தொப்புள்கொடியை அயோடினில் முக்கியதும் நீங்கள்தான். பெயர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். மிக்க நன்றி அண்ணா. ஓராண்டாகிவிட்டது, அந்தக் குட்டி இப்போது சினை.