மல்லிகாவுக்கு, கேமராவுக்கு முன்பணம் கொடுப்பதற்குள்

திருநெல்வேலி,
செவ்வாய் இரவு

அன்புள்ள மல்லிகா,

மாசியில் நீ அனுப்பிய குரல் செய்திக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். கோபமாகத்தான் இருப்பாய். அந்த வாரம்தான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், அப்புறம் அடி அடியாக நடக்கப் பழக்குவது என்று மாதங்கள் போனதே தெரியவில்லை. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறாள், பால்காரரிடம் பேச்சுக் கொடுக்கிறாள், நேற்று என் சாம்பாரில் உப்பு குறைவு என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? சின்னவளுக்கு வேலை ஆர்டர் வந்துவிட்டதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஜெசிந்தா போன் செய்தாள். உங்கள் பத்து மாத வெளிநாட்டுப் பயணத்துக்கென்று நீ, படம் பதிகிற சென்சார் பெரிதாக இருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவும், சாதாரணத் தூரத்துக்கு ஒரு 24-70 லென்ஸும், தூரத்தில் இருப்பதை இழுக்க ஒரு 100-400 லென்ஸும் பார்த்து வைத்திருக்கிறாயாம், சனிக்கிழமை சாயங்காலம் முன்பணம் கொடுக்கப் போகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மல்லி, அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதே. கொடைக்கானல் டூரில் யாஷிகாவில் ரோலைச் சரியாக மாட்டாமல் 36 படத்தையும் கோட்டைவிட்டவள் நீ, அன்று வார்டன் அம்மாவிடம் உனக்காகப் பேசியவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், இதை முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்.

நானும் போன வருஷம் அப்படித்தான் கிளம்பினேன். கேமரா மட்டும் 650 கிராமுக்கு மேல், 24-70 லென்ஸ் 700 கிராம், 70-200 லென்ஸ் ஒரு கிலோவைத் தாண்டியது, முக்காலி, சார்ஜர், ஃபில்டர்கள் எல்லாம் சேர்ந்து நாலு கிலோ பக்கம். பல விமானங்களில் கைப்பைக்கு ஏழு கிலோதான் கணக்கு, அதில் பாதிக்கு மேல் கேமராவே போய்விட்டது. நீ பார்த்திருப்பது அதைவிட மோசம். 100-400 மட்டுமே 1,400 கிராம் வரும். மூன்றையும் கூட்டினால் இரண்டே முக்கால் கிலோ.

இரண்டு வாரச் சுற்றுலா என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கு எதையும் சுமக்கலாம், ஆசை தாங்கிவிடும். நீங்கள் போவது பத்து மாதம். ஜார்ஜியாவில் கெர்கெட்டி தேவாலயத்துக்கு, அது 2,170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்தப் பையோடு சந்தோஷமாக ஏறினேன். துருக்கியிலும் சமாளித்தேன். கெய்ரோவுக்கு வந்தபோது ஆறாவது வாரம், தோள்பட்டையிலிருந்து கழுத்து வரை வலி. ரமலான் மாலை ஒன்றில் கான் அல்-கலீலி சந்தைப் பக்கம் சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். சந்து முழுக்க வண்ணக் கண்ணாடி ஃபானூஸ் விளக்குகள், நோன்பு திறக்கும் நேரம், யாரோ ஒரு பெரியவர் தெருவில் போகிற ஒவ்வொருவர் கையிலும் பேரீச்சம்பழம் திணிக்கிறார், எனக்கும் கொடுத்தார். அந்தப் பயணத்தில் நான் பார்த்த ஆக அழகான முகம் அவருடையது. படம் என்னிடம் இல்லை. வாங்குவதற்கு ஒரு வருஷம் பணம் சேர்த்த கேமரா அந்த நேரத்தில் அறையில் பூட்டுக்குள் கிடந்தது.

அதற்குப் பிறகு நமீபியா. டெட்விலேயில் வெள்ளைக் களிமண் தரையில் பல நூறு வருஷமாகக் காய்ந்து நிற்கிற மரங்கள், பின்னால் செம்மணல் குன்றுகள். தூரத்து மணல்முகட்டைக் கிட்டத்தில் இழுக்க ஆசைப்பட்டு, காற்றடிக்கும்போதே லென்ஸை மாற்றினேன். அவ்வளவுதான். சென்சார் மேல் தூசி உட்கார்ந்துவிட்டது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப்/11, எஃப்/16 என்று சுருக்கி எடுத்தால் நீல வானத்தில் கரும்புள்ளிகளாக வரும். விண்ட்ஹுக்கில் ஒரு கடையில் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தோம், திரும்பி வந்தபோது புள்ளி இடம் மாறியிருந்தது, போகவில்லை. ஊரில் என்றால் வேறு கடைக்குப் போகலாம். பயணத்தில் மறுநாள் பஸ் இருக்கும்.

நடுவில் தம்பியைப் பார்க்க யோகோஹாமா போனோம் இல்லையா, அங்கேதான் முடிவெடுத்தேன். மூட்டை முழுவதையும் அவன் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, டோக்கியோவில் பழைய கேமராக் கடைகள் நாலைந்து ஏறி இறங்கி, ஓஎம்-5 என்ற சின்னக் கேமரா வாங்கினேன், கூடவே 12-45 லென்ஸ். (அங்கே வாங்குவதாக இருந்தால் மெனுவைத் திறந்து பார்த்துவிட்டு வாங்கு. ஜப்பானுக்கென்று விற்கும் சில கேமராக்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும்.) கேமரா 414 கிராம், லென்ஸ் 254 கிராம். இரண்டும் சேர்ந்து 668, முன்பு லென்ஸ் இல்லாமல் வெறும் கேமராவே அந்த எடை இருந்தது! தூசிக்கும் தூறலுக்கும் தாங்கும்படி அடைப்பு வைத்துச் செய்திருக்கிறார்கள், சென்சாரும் தன்னைத்தானே அதிர்ந்து தூசியை உதறிக்கொள்ளும். அன்றிலிருந்து பொலிவியா, பெரு, மெக்சிகோ முடித்து வீடு வந்து சேரும் வரை அது என் தோளைவிட்டு இறங்கவில்லை. அறையில் வைத்துவிட்டுப் போகலாமா என்ற யோசனையே வரவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அதன் சென்சார் ஃபுல் ஃபிரேமில் கால்வாசிப் பரப்புதான், அதனால் ராத்திரியில் நடமாடுகிற ஆட்களை எடுத்தால் படத்தில் சொரசொரவென்று புள்ளி தட்டும். அசையாத கட்டிடம், கோபுரம் என்றால் கவலையில்லை, கை நடுக்கத்தை அது நன்றாகச் சமாளிக்கிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு விநாடி வரைகூட முக்காலி இல்லாமல் எடுத்திருக்கிறேன். ராத்திரிக்கென்று 120 கிராமில் ஒரு 17 எம்எம் லென்ஸ் பிறகு சேர்த்துக்கொண்டேன். 20 மெகாபிக்சல் போதுமா என்று அண்ணன் கேட்பார். 5184க்கு 3888, அதாவது நல்ல தரத்தில் 17க்கு 13 அங்குலம் அச்சிடலாம். உங்கள் வீட்டுச் சுவரில் அதைவிடப் பெரிய படம் எது இருக்கிறது, உன் கல்யாணப் படம்கூட இல்லை.

கென்யாவின் மசாய் மாராவில் சிங்கத்தை எதைக் கொண்டு எடுப்பது என்று நீ கேட்பது நியாயம். செப்டம்பரில் போகிறாய், வில்டபீஸ்ட் என்கிற மாடுமான்கள் ஆற்றைக் கடக்கிற பருவம், அதற்கு நீள லென்ஸ் வேண்டும்தான். ஆனால் மாராவில் நீ இருக்கப் போவது ஐந்து நாள், மீதி இருநூற்றுத் தொண்ணூற்றுச் சொச்ச நாளும் அந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமே. சின்ன சென்சார் கேமராவில் 423 கிராமில் ஒரு 75-300 இருக்கிறது, அதில் பார்த்தால் ஃபுல் ஃபிரேமில் 600 எம்எம் தருகிற நெருக்கம் கிடைக்கும். மழைக்கு அது தாங்காது, ஜீப்பில் இருந்து எடுப்பதற்கு அது போதும். ஊரிலேயே கிடைக்கிற பெயராக வேண்டும் என்றால் சோனி ஏ6700 பார், 493 கிராம். அதோடு 325 கிராமில் 18-135 லென்ஸ். பிடிவாதமாக இருந்தால் 625 கிராமில் 70-350ஐயும் சேர்த்துக்கொள், அப்போதும் மொத்தம் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. முக்காலி வேண்டவே வேண்டாம். தையல்காரரிடம் சொல்லிக் கெட்டித் துணியில் ஒரு பை தைத்துக்கொள், அங்கே போய் அரிசியோ பயறோ நிரப்பி ஜீப் ஜன்னலில் வைத்தால் லென்ஸ் கல் மாதிரி நிற்கும். தூசிக்குப் பிளாஸ்டிக் பை எடுத்துப் போகலாம் என்று நினைக்காதே, கென்யாவில் 2017இலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. அண்ணனின் ட்ரோன் வீட்டிலேயே இருக்கட்டும், கென்யாவில் அதற்கு முன்அனுமதி வேண்டும், மொராக்கோவில் விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உனக்குத் தோன்றும். நீ பௌர்ணமி தவறாமல் போகிற திருவண்ணாமலையில், 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் உடலைவிட்டபோது, கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆசிரமத்தில் இருந்தார், வானத்தில் நட்சத்திரம் நகர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். உலகத்தைச் சுற்றியவர், பெரும்பாலும் ஒரு சின்ன லைக்கா கேமராவும் ஒரு 50 எம்எம் லென்ஸும்தான் அவர் கையில். எட்டாததைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். எனக்கு அது பழக ஒரு மாதம் ஆனது, பழகிய பிறகு ஆட்களுக்குப் பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன், பேச ஆரம்பித்தேன்.

இப்போது நான் நிஜமாகச் சொல்ல வந்தது. மிச்சமாகிற எடையில் 200 கிராமை எனக்காக ஒதுக்கு. இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் என்று கையளவு பிரிண்டர் இருக்கிறது, கேமராவிலிருந்து போனுக்குப் படத்தை இழுத்து அதில் அனுப்பினால் சட்டைப்பைக்குள் அடங்குகிற படம் அங்கேயே வந்துவிடும். தம்பி பெண்டாட்டி என் கையில் திணித்தது அது, முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

பொலிவியாவில் உயுனி ஊரில், அந்த உப்புப் பாலைவனத்துக்குப் போகிற வழி, 3,650 மீட்டருக்கும் மேல் உயரம், விடிகாலைக் குளிரில் பல் தந்தியடிக்கும். சந்தையில் ஒரு கிழவி ஊதாச் சோளத்தில் காய்ச்சிய அபி விற்றுக்கொண்டிருந்தாள், நம் ஊர்க் கஞ்சி மாதிரி சூடாக, கிராம்பும் பட்டையும் போட்டு. கேமராவைக் காட்டிக் கண்ணாலேயே கேட்டேன். கையை ஆட்டி மறுத்தாள். சரி என்று உள்ளே வைத்துவிட்டேன். அடுத்த கடைப் பெண் தன் குழந்தையை எடுக்கச் சொன்னாள், எடுத்து அச்சடித்துக் கொடுத்தேன். மறுநாள் அபி குடிக்கப் போனால் அந்தக் கிழவியே என்னைக் கூப்பிட்டாள். பேத்தியைப் பக்கத்தில் நிறுத்தினாள், தொப்பியைச் சரிசெய்தாள், சால்வையை இழுத்துவிட்டாள். வெள்ளைக் காகிதம் வெளியே வந்து, அதில் மெல்ல மெல்ல இரண்டு முகமும் தெளிந்து வருவதை மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அதை ஏப்ரனுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அபிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று ஒரே சண்டை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஆச்சி படம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆச்சி உயிரோடு இருந்தவரை யாரும் அவளைத் தனியாக ஒரு படம் எடுக்கவில்லை. மாமா கல்யாணத்து குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் பாதி முகம் தெரிய நின்றிருந்தாள், ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிசாக்கி மீதியைத் தானே வரைந்து கொடுத்தார். ஆஸ்பத்திரியில் வலி தாங்காத ஒரு ராத்திரி, அம்மா அந்தப் படத்தைக் கேட்டாள். போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா மூக்கு இல்ல" என்றாள். எண்பத்தோரு வயசு, மல்லி. அவளுடைய அம்மாவின் மூக்கு இனி யாரிடமும் இல்லை. எனக்கு உயுனிக் கிழவியின் பேத்திதான் நினைவுக்கு வந்தாள், அவளிடம் ஒன்று இருக்கிறது. பத்து மாதமும் நான் எடுத்ததில் உபயோகமான படங்கள் பிறர் வீட்டில் இருப்பவைதான் என்று அன்று தோன்றியது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பிரிண்டருக்குக் குறைந்தது பத்துப் பெட்டி ஃபிலிம் எடுத்துப் போ. விமான நிலையத்தில் ஃபிலிமைக் கையால் சோதிக்கச் சொல், புதுவித ஸ்கேனரில் போனால் புகைபடிந்த மாதிரி ஆகிவிடும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போட விடமாட்டார்கள். புறப்படும் அன்று விமான நிலையச் சுங்கத்தில் கேமராவைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள், இல்லாவிட்டால் திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்று கேள்வி வரும். ஒரு நாளைக்கு நூறு படம், ஒன்று 20 எம்பி என்றால் இரண்டு ஜிபி, பத்து மாதத்துக்கு 600 ஜிபி. படம் சேமிக்க ஒரு டிபி எஸ்எஸ்டி இரண்டு வாங்கு, ஒன்று உன் பையில், ஒன்று அண்ணன் பையில், ஒரே பையில் இரண்டும் கூடவே கூடாது. குளிரிலிருந்து சூடான அறைக்குள் போகும்போது கேமராவைப் பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் விட்டுவை, ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் கண்ணாடியில் பனி பிடிக்குமே, அதுதான் அங்கே தலைகீழாக நடக்கும்.

சனிக்கிழமை காலை மதுரைக்கு வருகிறேன், அம்மாவைத் தங்கை பார்த்துக்கொள்வாள். என் கேமராவையும் பிரிண்டரையும் கொண்டுவருகிறேன், நீ கிளம்புகிற வரை வைத்திருந்து பழகு. அன்று விளக்குத்தூண் பக்கமெல்லாம் சுற்றுவோம், அப்புறம் மாலையில் கடைக்குப் போகலாமா என்று நீயே சொல். நீ மட்டும் ஒரு தோள்பையில் பொன்னி அரிசி போட்டு எடுத்துக்கொண்டு வா, காலையிலிருந்து சாயங்காலம் வரை இறக்காமல். இரண்டே முக்கால் கிலோ, எடை போட்டு.

உன்,
செல்வி