பூச்சியில் என்ன விஞ்ஞானம் என்று கேட்டவர்களுக்கு

மதிப்பிற்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும்,

வணக்கம். போன கிழமை எங்கள் தோட்டப் பாடசாலையின் தரம் 10 பிள்ளை ஒருத்தி, தீப்பெட்டிக்குள் ஒரு விட்டில்பூச்சியோடு உங்கள் முன் நின்றாள். "பூச்சி பிடித்துக்கொண்டு வருவதா விஞ்ஞானம்?" என்று கேட்டீர்கள். அவளுக்குப் பதில் தெரியும், தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவளுடைய ஆசிரியன் நான் சொல்கிறேன்.

தேயிலைத் தொழிற்சாலை விளக்கடியில் விடியற்காலையில் செத்துக் கிடக்கும் பூச்சி அது. அதன் கண்ணின் மேல் 200 நனோமீற்றர் அளவில் (ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர்) மொட்டு மொட்டாக நெருங்கிய மேடுகள் இருக்கின்றன. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அதனால் ஒளி கண்ணில் மோதித் தெறிக்காமல் மெல்ல உள்ளே இறங்கிவிடுகிறது. இருட்டில் எதிரிக்குக் கண் பளபளக்காது. பூச்சிக்கும் வெளிச்சம் வீணாகாது. 1973இல் இங்கிலாந்தில் கிளாஃபம், ஹட்லி என்ற இருவர் லேசர் கதிர்களைக் கொண்டு கண்ணாடி மேல் அதே மேடுகளை உண்டாக்கிக் காட்டினார்கள். சோலர் தகடு செய்யும் சிலிக்கன், வெறுமனே இருந்தால், தன்மேல் விழும் ஒளியில் 30 வீதத்துக்கு மேல் திருப்பி எறிந்துவிடும். அதனால்தான் சோலர் தகடு செய்கிறவர்களும் இந்தக் கண்ணைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளால் மட்டும் பார்க்க முடியவில்லை. பாடசாலையில் இருப்பது ஒரே ஒரு நுணுக்குக்காட்டி. மூடுபனி ஈரத்தில் வில்லை முழுக்கப் பூசணம். 38 பிள்ளைகளும் வரிசையில் வந்து, ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்துவிட்டு, "தெரியுது சேர்" என்று சொல்லிப் போகிறார்கள். ஒன்றும் தெரியாது என்பது எனக்கும் தெரியும். என் மனம் நோகக்கூடாதே என்று சொல்கிறார்கள். தீப்பெட்டியோடு வந்தவளும் அப்படிச் சொன்னவள்தான். அந்த மேடுகளின் படத்தை அம்மாவின் போனில் பார்த்து அட்டையில் வரைந்தாள்.

ஒரு நுணுக்குக்காட்டி தாருங்கள் என்று மூன்று கடிதம் எழுதிவிட்டோம். பதிலுக்குத் திறன் பலகை வந்தது, ரிப்பன் வெட்டப்பட்டது. கூரை ஒழுகுவதால் அதைப் பொலித்தீன் போர்த்திப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்த ரிப்பனுக்கும் பழுதில்லாமல் இருக்கும். 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதற்கு, "மலையகம் 200" என்று எத்தனை மேடை, எத்தனை பொன்னாடை! அந்தப் பொன்னாடைக் காசில்...

சரி, மன்னிக்கவும். நான் கேட்க வந்தது ஒரு நுணுக்குக்காட்டிதான். இலத்திரன் நுணுக்குக்காட்டி கேட்கவில்லை. நனோ மேடுகள் சாதாரணக் கருவியில் தெரியாது என்பதும் தெரியும். சிவனொளிபாதமலைப் பக்கம் கூட்டமாகப் பறந்து போகும் வண்ணத்துப்பூச்சியின் சிறகில், ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய செதில்கள் தெரிந்தால் போதும். அங்கிருந்து மிச்சத்தை நான் சொல்லிக் கொடுத்துக்கொள்வேன்.

தயவுசெய்து ஒரு நுணுக்குக்காட்டி தாருங்கள். லொறி அனுப்ப வேண்டாம். திகதி சொன்னால் பஸ்ஸில் வந்து மடியில் வைத்துக் கொண்டுபோகிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியன்