கேஷுவாலிட்டி டூட்டி டாக்டர்களுக்கு: சிஆர்பி (உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறற புரோட்டீன்) நார்மல்னு மட்டும் பாத்து எங்கள அனுப்பிடாதீங்க

வணக்கம் டாக்டர். எங்க அக்காவுக்கு என்எம்ஓ (நியூரோமைலிடிஸ் ஆப்டிகா), அக்வபோரின்-4ங்கற உடம்போட சொந்த புரோட்டீனயே தாக்குற ஆன்டிபாடி பாசிட்டிவ். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் அடிக்கிற வியாதி. உங்களுக்கு தெரியாததில்ல, ஆனா நைட் டூட்டில இப்படி ஒரு கேஸ் அடிக்கடி வராதுங்கறதால எழுதறேன்.

இந்த ஆன்டிபாடிய கண்டுபிடிச்சதே 2004ல தான். அதுக்கு முன்னாடி எம்எஸ்னு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், இதே மாதிரி இன்னொரு நரம்பு வியாதி) நெனச்சு நிறைய பேருக்கு இன்டர்ஃபெரான் பீட்டா போட்டாங்க, அதுவும் இம்யூன் செல்லுங்க அனுப்பிக்கிற ஒரு சிக்னல் தான், எம்எஸ்ஸுக்கு கேக்குற அதே மருந்து என்எம்ஓவ இன்னும் கெளப்பி விட்டுச்சு. எந்த சிக்னல்ல கை வைக்கறோம்ங்கறது இதுல அவ்ளோ முக்கியம்.

இப்ப கை வைக்கறது இன்டர்லூக்கின்-6ங்கற (ஐஎல்-6) இன்னொரு சிக்னல்ல. அட்டாக் நேரத்துல முதுகுத்தண்டு நீர்ல அது எகிறிடும், ஆன்டிபாடி சுரக்குற பிளாஸ்மாபிளாஸ்ட் செல்லுங்க சாகாம இருக்க அது உதவுது, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்கற தடுப்பையும் தளர்த்தி விடுது. டோசிலிசுமாப், சாட்ராலிசுமாப் ரெண்டுமே அதோட ரிசப்டர அடைக்கற மருந்து. டோசி உங்களுக்கு கோவிட்லயே பழக்கம். அக்காவுக்கு மாசாமாசம் அதான் ஏறுது, நல்லாவும் இருக்காங்க.

ஆனா லிவர் சிஆர்பி தயாரிக்கறதே முக்கியமா ஐஎல்-6 சொல்லித்தான். அந்த வழிய அடைச்சிட்டா உள்ள நிமோனியாவே இருந்தாலும் சிஆர்பி ஏறாம இருக்கலாம், காய்ச்சலும் பெருசா அடிக்காம போகலாம். இதோட இன்னொன்னும் சேந்துக்குது, தண்டுவடம் அடிவாங்குனவங்களுக்கு யூரின் சரியா போகாது, அதனால யூரின் இன்ஃபெக்‌ஷன் வரும், இன்ஃபெக்‌ஷன் வந்தா பழைய கால் பலவீனம் மறுபடி தலைதூக்கும், பாக்க அப்படியே ரிலாப்ஸ் (வியாதி புதுசா மறுபடி தாக்குறது) மாதிரியே இருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில அக்காவுக்கு இதுதான் நடந்துச்சு. சிஆர்பி நார்மல், ஜுரம் இல்ல, அப்ப இன்ஃபெக்‌ஷன் இல்லன்னு சொல்லி, ரிலாப்ஸ்னு நெனச்சு ஸ்டீராய்டு போடப் போனாங்க, நாங்க கெஞ்சிக் கேட்டப்புறம் தான் யூரின் டெஸ்ட் எடுத்தாங்க, கிருமி அதுல தான் இருந்துச்சு.

அதனால கேக்கறேன் டாக்டர், முதல்ல என்ன ஊசி போடறாங்க, கடைசியா எப்ப போட்டாங்கன்னு கேளுங்க. பல்ஸ், பிபி, மூச்சு பாருங்க, யூரின், பிளட் கல்ச்சர், செஸ்ட் எக்ஸ்ரே எடுங்க. அதுக்காக ரிசல்ட் வரட்டும்னு நாள் கணக்குல காக்கவும் வைக்காதீங்க, நிஜமாவே ரிலாப்ஸா இருந்தா தாமதத்துல கண்ணு போயிடும், அன்னிக்கு ராத்திரியே நியூரோ டாக்டருக்கு ஒரு ஃபோன் போடுங்க.