கட்பீஸ் கடைக்காரர்களே, எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும்?

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் வட்டாரத்தில் கட்பீஸும் லைனிங்கும் தையல் சாமானும் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். நான் போளூர்ப் பக்கத்துக்காரி. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப் போட்டு, போர்வை தைப்பவள். காரும் இல்லை, ஸ்கூட்டி ஓட்டவும் தெரியாது. எங்கே போனாலும் பஸ்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசும் இல்லை. ஆக, ஊருக்குள் வந்துவிட்டால் உங்கள் கடைக்கு வர எனக்குச் செலவே கிடையாது. கடை எங்கே இருக்கிறது என்று தெரிவதுதான் பாடாக இருக்கிறது.

போன வருஷம் அம்மாவின் வைத்தியத்துக்காக வேலூரில் மூன்று வாரம் லாட்ஜில் தங்கினோம். பக்கத்து அறையில் வங்காளத்திலிருந்து கணவரைக் கூட்டி வந்திருந்த ஓர் அம்மா. பழைய புடவைகளை அடுக்கடுக்காக விரித்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் அதற்குக் காந்தா என்று பெயர். அந்தக் காலத்தில் புடவைக் கரையிலிருந்து நூலை உருவி, அதையே கோத்துத் தைப்பார்களாம். அவருக்குச் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. எனக்கோ கை சும்மா இருக்கவில்லை. இரண்டு பேரும் மத்தியானம் கிளம்பினோம்.

லாட்ஜ் பையனிடம் துணிக்கடை எங்கே என்று கேட்டால் மாடி மாடியாக இருக்கும் பெரிய கடைக்கு அனுப்புகிறான். போனில் தேடினாலும் அதேதான் வருகிறது. அங்கே பட்டு இருக்கிறது, குளுகுளு காற்று இருக்கிறது, ஒரு நூல்கண்டு இல்லை. அப்புறம் அந்த அம்மாவின் கட்டிலடியில் ஒரு கடைப் பை கிடைத்தது. "பேருந்து நிலையம் அருகில், வேலூர்" என்று அதில் அச்சடித்திருந்தது. வேலூரில் பஸ் ஸ்டாண்டு இரண்டு, ஐயா. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி வெயிலில் அரை மணி நேரம் சுற்றினோம். டீக்கடைக்காரர் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழைய பஸ் ஸ்டாண்டும்மா, கோட்டைப் பக்கம் போங்க" என்றார். போனோம். கடை கிடைத்தது, பூட்டியிருந்தது. அன்றைக்கு வார விடுமுறையாம். அதைப் பூக்காரம்மா சொல்லித்தான் தெரியும், ஷட்டரில் ஓர் எழுத்து இல்லை.

மறுநாள் வேறு வழி பார்த்தேன். தெருவில் போகிறவர்களை விட்டுவிட்டு, மரத்தடியில் மிஷின் போட்டிருந்த டெய்லரைக் கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், லாங்கு பஜாரில் நுழைந்து எத்தனையாவது சந்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். புது ஊரில் துணி தேடும் பெண்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: டெய்லரைக் கேளுங்கள். லைனிங் எங்கே மலிவு, எந்தக் கடையில் கால் மீட்டர் வெட்டித் தருவார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்தச் சந்துக் கடை இரண்டு ஆள் நிற்கிற அகலம்தான். ஆனால் தரையிலிருந்து கூரை வரை பாப்ளின், ரூபியா, மல், காடா. மூலையில் ஒரு சாக்கு நிறையக் குடியாத்தம் கைலித் துண்டுகள், கட்டம் கட்டமாக. ஒட்டுப் போர்வைக்குக் கைலிக் கட்டத்தைப் போல ஒரு துணி வராது. கட்டத்தின் கோட்டிலேயே வெட்டினால் ஸ்கேலே வேண்டாம். "சாயம் போகுமா?" என்று கேட்டேன். "சிவப்பு போகும், தனியா அலசிட்டுத் தைங்க" என்று உண்மையைச் சொன்னார் கடைக்காரர். வங்காளத்து அம்மாவிடம் விலையை வங்காள மொழியிலேயே சொன்னார். ஆஸ்பத்திரி ஊர், நாக்கு அப்படிப் பழகியிருக்கிறது. பில் போட்டுத் தந்த பையைப் பார்த்தேன். அதிலும் "பேருந்து நிலையம் அருகில்"!

உங்களிடம் நான் கேட்பது ஒரு வரி. பையிலும் பலகையிலும் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று போடுங்கள். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே ஓடும் 1, 2 நம்பர் பஸ்ஸில் வருகிறவர் எங்கே இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். வார விடுமுறையையும் சேர்த்துப் போட்டால் புண்ணியம். ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜும் மருந்துக்கடையும் வங்காள எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். நூல் கடையும் ஒன்று வைக்கலாமே.

வாலாஜாக்காரர்களுக்கும் ஆரணிக்காரர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு 1856லேயே ராயபுரத்திலிருந்து ரயில் வந்துவிட்டது. ஆனால் அங்கே இறங்கினால் வாலாஜா ஊர் வந்துவிடாது. ஆரணி ரோடும் அப்படித்தான், அது களம்பூரில் இருக்கிறது. பேரிலேயே ரோடு என்று எச்சரித்திருக்கிறார்கள், நமக்குத்தான் புரிவதில்லை. ஸ்டேஷனிலிருந்து என்ன பஸ் என்று நீங்கள் எழுதினால் வெளியூர்க்காரர் பிழைப்பார்.

இன்னொன்று, பஸ்ஸில் வருகிறவள் எல்லாவற்றையும் கையில் தூக்க வேண்டும். பத்து மீட்டர் காட்டனே ஒரு கிலோவைத் தாண்டும். போர்வைக்கு உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு எடை இல்லாவிட்டாலும் ஓர் ஆளின் இடத்தை அடைக்கும், கண்டக்டர் முறைப்பார். இறுக்கிச் சுருட்டி இரண்டு இடத்தில் கட்டிக் கொடுங்கள். வாங்கியதைச் சாயங்காலம் வரை கடையிலேயே வைத்திருக்கச் சம்மதித்தால் அடுத்த கடைக்கும் வெறுங்கையோடு போய் வருவேன்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மறுபரிசோதனை, வேலூர் வருகிறேன். சாயம் போகாத கருநீலம் இரண்டு மீட்டர் வேண்டும். அந்தச் சந்துக் கடையில் இல்லையென்றால் பழையபடி மரத்தடி டெய்லரிடம்தான் போய் நிற்பேன்.

இப்படிக்கு,
போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தையல்காரி